வராதோர் சீட்டு

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று வருடம் கேட்டுக் கெஞ்சி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டுக்கு ‘அமைப்புச் சிந்தனையும் அறிவாராய்ச்சியும்’ என்று ஒரு பாடம். திங்கள், புதன், வெள்ளி, முதல் பீரியட். கல்லூரி ஒன்றும் என் முகத்துக்காகக் கொடுக்கவில்லை. மே மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, புதுமையாக ஏதாவது காட்டியாக வேண்டும். கால அட்டவணையில் இடமில்லாததால் இன்றிலிருந்து முதல் மணி ஒன்பதரைக்குப் பதில் ஒன்பதுக்கே அடிக்கிறது. அரை மணி நேரம்தான், பெரிய விஷயமில்லை.

தண்ணீர்த் தொட்டியை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால் எல்லோரும் குழாயைத் திறந்தே வைக்கிறோம். திறந்தே வைப்பதால் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. காலியாவதால் அடுத்த நாள் இன்னும் குறைவாக விடுகிறார்கள். யார்மீது தப்பு? நாற்பத்தெட்டு பேரும் தண்ணீர் திறந்துவிடும் வாட்ச்மேன்மீது என்றார்கள். சிரித்துக்கொண்டேன். ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்கிறது, திருத்திவிடலாம்.

வீட்டில் மனைவி பிரேமா சிரிக்கவில்லை. “ஏற்கெனவே வாரத்துக்கு இருபது பீரியடு. இதுல இது வேறயா? மோட்டார் ரிப்பேராகி நாலு நாளாச்சு.”

பிப்ரவரி 12, புதன்

மோட்டார் ஆள் வரவில்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 15, சனி

ரெஜிஸ்டர் நிரப்பும் நாள். எங்கள் துறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுப்பதில்லை, பத்து நிமிடம் வீணாகும். முதல் பீரியடில் ஒன்பது பத்துக்கு வகுப்புத் தலைவன் ஆறுமுகநயினார் வராதவர்களின் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் துறை அறையில் ஆணியில் குத்திவிடுவான். சனிக்கிழமை மத்தியானம் ஆறு ஆசிரியர்களும் டீயோடு உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைப் பார்த்து அவரவர் ரெஜிஸ்டரை நிரப்புவோம். முதல் பீரியடுக்கு வராதவன் அன்றைக்கு முழுக்க வராதவன். இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வசதியாக இருக்கிறது.

தாமதமாக வருகிறவர்களை நான் வெளியே நிறுத்துவதில்லை. “வருகை கிடையாது, வந்து உட்கார்ந்து கேள்” என்பேன். கேட்டால்தானே படிப்பு. இந்தக் கல்லூரியில் இவ்வளவு தாராளம் வேறு யாரிடமும் கிடையாது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்கு அளவை. ஒன்றை நாம் அறியும் வழிகள் என்று நம் பழைய ஆட்கள் சொன்ன மூன்று: காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்தது. பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வகுப்பில் பின்கதவு திறந்தது. வழக்கம்போல் தாமதக் கூட்டம். பெண்கள் சிலர் கடைசி பெஞ்சில் ஒதுங்கினார்கள். சண்முகக்கனி மட்டும் நடந்து முன்னால் வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டாள். “சார், உரைன்னா, சொல்லுதவரு பாத்துட்டுத்தான் சொல்லணுமா, இல்ல கேட்டுட்டுச் சொன்னாலும் உரைதானா?”

நாற்பத்தெட்டில் ஒன்றாவது தேறுகிறது. இந்த மாதிரி ஒரு பிள்ளைக்காகத்தான் மூன்று வருடம் அலைந்தேன் என்று தோன்றியது.

மார்ச் 5, புதன்

ஒப்படைப்பு திருத்தினேன். ‘உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை எழுதுக, அது எப்படித் தெரியும் என்று கூறுக.’ பாதிப் பேர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், எல்லாம் ஒரே தாளைப் பார்த்து. சண்முகக்கனி எழுதியது நான்கே வரி:

‘நான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். எனக்கு எப்படித் தெரியும்? காட்சி. கல்லூரிக்கு எப்படித் தெரியும்? உரை. இரண்டும் மாறினால் எது நிற்கும்?’

பத்துக்கு ஒன்பது போட்டு, ‘நல்ல நடை. இன்னும் விரிவாக எழுதலாம்’ என்று குறித்தேன்.

மோட்டார் சரியாகிவிட்டது. இனி மிக்ஸி.

மார்ச் 14, வெள்ளி

ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம், தனித்தனியாக ஆறு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம் என்று பாடம் நடத்தினேன். சண்முகக்கனி எழுந்தாள்.

“ஆறு பேரும் ஒரே ஆளுகிட்ட கேட்டுட்டு வந்து சொன்னா, சார்?”

“அப்போ அது ஆறு சாட்சி இல்லம்மா. ஒரு சாட்சிதான்.”

“அந்த ஒரு ஆளும் சரியா பாக்காம எழுதியிருந்தா?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நயினார் மட்டும் குனிந்துகொண்டான். எதற்குச் சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் இந்த வருடத்தின் நல்ல வகுப்பு இதுதான். வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் சொன்னேன். “அந்தப் பிள்ள ஏதோ மனசுல வச்சுக்கிட்டுக் கேக்குற மாதிரில்ல இருக்கு” என்றாள். அவளுக்குத் தத்துவம் எல்லாம் வீட்டுச் சண்டை மாதிரிதான் கேட்கும்.

மார்ச் 20, வியாழன்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. குழுவுக்கான கோப்புகள் பதினேழு. என் பங்கு ஆறு.

மார்ச் 28, வெள்ளி

குழுப்பணி. ‘நம் கல்லூரியில் சரியில்லாத ஒன்றை எடுத்து, காரணங்களை அம்புக்குறி போட்டு வரைக.’ கேன்டீன் சட்னி பற்றி வரைந்த பையன்களுக்கு இருபதுக்குப் பதினெட்டு. பிரமாதம்.

சண்முகக்கனி குழுவில் ஐந்து பேர். மற்ற நால்வரும் கடைசி பெஞ்ச், சார்ட்டின் நான்கு மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. பேசியது அவள் மட்டும். சார்ட்டில் முதல் பெட்டி ‘புதுப் பாடம்’. அதிலிருந்து ‘மணி ஒன்பதுக்கு’. அதிலிருந்து ‘பஸ் ஒன்பதே காலுக்கு’. பிறகு ‘சீட்டு’. சீட்டிலிருந்து ‘ஆறு ரெஜிஸ்டர்’. கடைசியில் ‘வீட்டுக்குக் கடிதம்’.

“பாடம் எப்படிம்மா பஸ்ஸுக்குக் காரணமாகும்?” என்று கேட்டேன்.

“பஸ்ஸுக்கு இல்ல சார். மணிக்கு.”

முதல் பெட்டியை அடித்துவிட்டு, ‘தொடக்கம் தவறு’ என்று எழுதிப் பதினான்கு போட்டேன். என் பாடத்தைப் பற்றி வரைந்தால் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. அசதியாக இருந்தது, யோசிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்ததால் தேர்வெழுத முடியாதவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பது பேர். ஏழாவது பெயர் சண்முகக்கனி, வருகை ஐம்பத்தெட்டு சதவீதம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அவள் வராத வகுப்பு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 9, புதன்

துறைத்தலைவர் ஜெபராணி மேடம் அறையில் சண்முகக்கனி நின்றுகொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். அவள் ஊர் விளாத்திகுளத்துக்கும் அந்தப் பக்கம். காலையில் ஒரே பஸ். கல்லூரி வாசலுக்கு ஒன்பதே காலுக்கு வருகிறது. மணி ஒன்பதரைக்கு அடித்த காலத்தில் அவளுக்கு நூற்றுக்கு நூறு வருகை. பிப்ரவரி பத்துக்குப் பிறகு, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த நாட்கள் தவிர, எல்லா நாளும் சீட்டில் அவள் எண் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு பீரியடும் போயிற்று. தேர்வெழுத முடியாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு இதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

மேடம் கெட்டவர் இல்லை. வழி ஒன்று சொன்னார். “அறுபத்தஞ்சுக்கு மேல இருந்தா சாதா காய்ச்சல் சர்டிபிகேட் போதும். அம்பத்தெட்டுக்கு மஞ்சக்காமாலைதான் சரிவரும். ஒரு மாசம் வீட்ல படுத்திருந்தாள்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

“வேண்டாம் மேடம்.”

“என்ன வேண்டாம்? ஒரு வருஷம் போயிரும்ட்டி.”

“வீட்ல படுத்துக் கிடக்கலன்னு எங்க வீட்டுக்குத் தெரியும் மேடம். நான் காலைல பஸ் ஏறுனது ஊருக்கே தெரியும். போன மாசம் காலேஜுல இருந்து லெட்டர் போயிருச்சு, உங்க பொண்ணு ஒழுங்கா வாரதில்லைன்னு. எங்கப்பா அன்னையில இருந்து எங்கிட்டப் பேசல. தினம் பஸ்ஸும் ஏறுனேன், காலேஜுக்கும் வரலன்னா, நான் எங்க போனேன்?”

மேடம் பேனாவை மூடினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நான் வந்தேன்னு எழுதணும் சார். அது போதும்.”

பார்க்கலாம்மா என்றேன். தலை வலித்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு எழுதலாம்.

ஏப்ரல் 12, சனி

என் ரெஜிஸ்டரை எடுத்து மற்ற ஐந்தோடு வைத்துப் பார்த்தேன். மார்ச் மாதம் முழுக்க, அவள் வரிசையில், ஆறும் அச்சாகப் பொருந்தின. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. ஆறு பேர் எழுதியிருக்கிறோம், என் ஞாபகம்தான் தப்பு, எனக்கும் வயது ஐம்பத்திரண்டு ஆகிறது.

அப்புறம் ஆணியைப் பார்த்தேன். வாரச் சீட்டுகள் அதில் தொங்கின.

அந்தப் பெண் மார்ச் மாதமே இதை எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மார்ச் ஐந்தாம் தேதி எழுதியே கொடுத்திருக்கிறாள். நான் நடையைப் பாராட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. பாயசம். பிரேமாவே கேட்டாள்.

“அந்தப் பிள்ள வெவகாரம் என்னாச்சு?”

“எழுதிக் கொடுக்கணும்.”

“நீங்கதான் தினம் பாத்தீங்களே, எழுதிக் குடுக்க வேண்டியதுதான?”

எழுதிக் கொடுத்தால் என் ரெஜிஸ்டர் பொய் என்று ஆகிவிடும், மற்ற ஐந்தும் கூடவே ஆகிவிடும், குழு வருகிற நேரம், ஜூனில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே கேட்டாள், “பொய்தான?”

இரண்டாவது கிண்ணம் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

கொடுத்துவிட்டேன். எட்டே வரி. ‘என் ரெஜிஸ்டரில் உள்ளது நான் பார்த்தது அல்ல, சீட்டில் இருந்தது. சண்முகக்கனி என் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வந்தாள். இதை நான் கண்ணால் கண்டேன்.’  

ஏப்ரல் 17, வியாழன்

முதல்வர் கூப்பிட்டார். என் கடிதம் மேஜையில் குப்புறக் கிடந்தது.

“கோமதிநாயகம் சார், குழு வாரதுக்கு மூணு வாரம் இருக்கு. ஆறு ரெஜிஸ்டரும் பொய்யின்னு எழுத்துல தாரீங்க. ரொம்ப நல்லது.”

“நடந்தத எழுதினேன் சார்.”

“உங்களுக்கு என்ன வேணும்? அந்தப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட். அவ்வளவுதான? அதுக்கு எதுக்கு இந்தக் கடுதாசி?” கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். “திங்கக்கிழம எல்லாரும் ரெஜிஸ்டர புதுசா எழுதுங்க. பழசு நனைஞ்சு போச்சு. அந்தப் பிள்ளைக்கு எழுபத்தாறு வரட்டும்.”

சண்டை போட்டிருக்கலாம். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஹால் டிக்கெட் கிடைக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முழுக்கத் தேறவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஆறு பேரும் உட்கார்ந்து புது ரெஜிஸ்டர் எழுதினோம். நாற்பத்தெட்டு பெயர், எழுபது நாள். எந்தெந்த நாளில் அவளுக்கு வருகை போடுவது என்று மேடம் கேட்டார். எழுபத்தாறு வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினோம்.

விரல் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சண்முகக்கனியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“எங்கப்பாகிட்ட காட்ட லெட்டர் உண்டா சார்?”

“ரெஜிஸ்டர்லயே நீ வந்ததா போட்டாச்சும்மா. புது லெட்டர் வாங்கித் தாரேன்.”

ஏதோ கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. தேங்க்ஸ் சார் என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் பரீட்சை, பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு சண்முகக்கனி துறை அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஹால் டிக்கெட்.

“சார், அந்தப் பஸ்ல நாங்க அஞ்சு பேரு.”

எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. நான் ஏழாவதை மட்டும்தான் படித்தேன். அவள்தான் கேள்வி கேட்கிறவள்.

“முந்தாநாளே கேக்கணும்னு நெனச்சேன் சார். பட்டியல மொத்தமா எடுத்திருப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

கேட்டுக்குப் போனேன். நான்கு பெண்கள் வாட்ச்மேன் அறை நிழலில் நின்றார்கள். சார்ட்டின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். பெயர் கேட்டேன். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். இரண்டரை மாதம் என் வகுப்பில் இருந்தவர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல்வர் அறைக்கு மாடிப்படியில் ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஏறினேன்.

“நீங்க பாத்தீங்களா, இவங்க வந்தத?” என்றார்.

“பாத்தேன்” என்றேன். பார்க்கவில்லை. பின்கதவு திறக்கும், சில தலைகள் ஒதுங்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

“சரி, பேரச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன். இதோட முடியணும்.”

ராமலட்சுமி. செல்வமேரி. காளீஸ்வரி.

நான்காவது பெயர் நினைவுக்கு வரவில்லை. முதல்வர் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “மூணு பேருதான?” என்று கேட்டார். கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு நான் மறுபடி கேட்டுக்கு இறங்கிப் போனேன். மூவரையும் ஹாலுக்கு அனுப்பினேன். நான்காவது பெண் அங்கே இல்லை. பத்தே காலுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அவள் பெயர் முத்துப்பேச்சி. நயினாரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நயினார் கொடுத்த எண்ணில் அவள் வீட்டுக்குப் பேசினேன். போன் அப்பாவுடையது. “இனி அனுப்புததா இல்ல சார்” என்று வைத்துவிட்டார்.

பிரேமா சாப்பிடக் கூப்பிட்டாள். இன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். அடுத்த பரீட்சை திங்கட்கிழமை. காலையில் போய் முதல்வரிடம் நான்காவது பெயரையும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தேன், சட்டைப் பையில் இருந்தது. அதே பையில் என் பழைய கடிதமும் இன்னும் இருந்தது.

முத்துப்பேச்சியின் அப்பா கரி சுடும் மூட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை முழங்கை வரை கறுப்பு. நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார், ஆனால் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் உள்ளே இருந்தாள். எனக்கு அவள் பாவாடைக் கரை மட்டும் தெரிந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். எம்பிள்ள காலேஜுக்கு வந்துச்சா, வரலையா? லெட்டரு வந்ததுல இருந்து ஊருக்குள்ள ஒரு மாதிரியா பேசுதாங்க. காலையில பஸ் ஏறுது. அங்க வரலன்னு நீங்க எழுதுதீங்க.”

“வந்துச்சு.”

“நீங்க பாத்தீங்களா?”

நேற்று இதே கேள்விக்கு முதல்வரிடம் பொய் சொன்னேன். இவரிடம் வாய் வரவில்லை.

“பாக்கல. அவ வந்தா. நாந்தான் பாக்கல.”

“பாக்காம எப்பிடி வந்துச்சுன்னு சொல்லுதீங்க?”

சண்முகக்கனி சொன்னாள் என்றேன். அது அவள் சிநேகிதி சொல்வது, சொல்லத்தான் செய்வாள் என்றார். அவர் கேட்டது நியாயம்.  காகிதத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பலாமா என்று பார்த்தேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. திங்கள், புதன், வெள்ளி. ஒரு நாள் விடவில்லை. எந்தப் பக்கமும் முறையாகத் தொடங்கவில்லை. ‘...என்பதால் தொட்டி இன்னும் சீக்கிரம் காலியாகும்.’ ‘...ஆனால் புகையைப் பார்த்து நெருப்பை அறிவது கருதல்.’ ‘...தனித்தனியாக ஆறு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம்.’ எல்லாம் பாதி வாக்கியத்தில் தொடங்கின. அவள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து பேனாவை எடுத்த நேரத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேனோ, அங்கிருந்து. முதல் பாதி எனக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். பாதி வாக்கியத்துக்கு முன்னால் நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பக்கம் வாசித்திருப்பேன். என் குரலில் என் பாடம், அவள் கையெழுத்தில். “இது நான் சொன்னது. இது அங்க இருந்தவங்களுக்குத்தான் தெரியும்” என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அவர் நோட்டை வாங்கப் போனவர், கையைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லெட்டர் வந்த பிறகு முதல் தடவையாக என்று நினைக்கிறேன், மகளைப் பார்த்துப் பேசினார்.

“இத அங்க காட்டியிருக்கலாம்ல ஆத்தா?”

“யாரும் கேக்கலப்பா” என்றாள் முத்துப்பேச்சி.